பேஸ் ஸ்டேஷன் எடுக்கப் போறவங்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறை அனுபவங்கள்

கல்லடியிலிருந்து

கனடாவிலயும் லண்டனிலயும் இருக்கிற சொந்தக்காரர் லீவுக்கு வரக்குள்ள பெட்டிக்குள்ள ஒரு சோடி வாக்கி டோக்கி வருது. அதில ஒண்டை மேசையில வைச்சு, கூரையில ஒரு ஏரியலை நட்டா வீட்டுக்கு பேஸ் ஸ்டேஷன் (ஒரே இடத்தில நிலையா நிக்கிற வானொலிச் செட்) ஆகிடும் எண்டு நினைச்சுக் கேட்கிறவங்க கூடிட்டாங்க. அதனால தெரிஞ்சவங்க எல்லாரும் இந்த இடத்தில எழுதி வைப்பம். அவரவர் கதை வேணாம். என்ன சாமான், எத்தனை மீற்றர், எது எதனால பழுதாகுது, அது மட்டும் போதும்.

முதலாவது விசயம், பெட்டியில 'லைசன்ஸ் தேவையில்லை' எண்டு எழுதியிருக்கிறது அந்த நாட்டுக்கு. ஐரோப்பாவில பிஎம்ஆர்446 எண்டு விக்கிற கைச்செட் 446.0 தொடக்கம் 446.2 மெகாஹேட்ஸ், அரை வாற். ஏரியல் செட்டோட சேர்ந்தே இருக்கோணும், பேஸ் ஸ்டேஷனா நிலையா வைச்சுப் பாவிக்க அந்த விதியே விடாது. அமெரிக்காவில எஃப்ஆர்எஸ் எண்ட கைச்செட் வகைக்கு 22 சனல், சிலதில 2 வாற், சிலதில அரை வாற், அதிலயும் ஏரியலைக் கழற்ற ஏலாது. ஆகவே இந்த ரெண்டு வகையையும் பேஸாக்க நினைக்கிறதே வீண் வேலை. அமெரிக்காவில லைசன்ஸ் இல்லாமல் கூரை ஏரியலோட பாவிக்கக்கூடியது சிபி எண்ட 27 மெகாஹேட்ஸ் பொதுமக்கள் வானொலி (40 சனல், ஏஎம் முறையில 4 வாற், எஸ்எஸ்பி முறையில 12 வாற்), அடுத்தது 150 பக்கத்தில 5 சனல் உள்ள எம்யூஆர்எஸ், 2 வாற். 50 வாற் வரைக்கும் போற ஜிஎம்ஆர்எஸ்ஸுக்கு அமெரிக்காவில லைசன்ஸ் வேணும், பரீட்சை இல்லை, 35 டொலர் கட்டினா 10 வருசத்துக்குக் குடும்பம் முழுக்கப் பாவிக்கலாம். அதே ஜிஎம்ஆர்எஸ் கனடாவில லைசன்ஸ் இல்லாதது, ஆனா 2 வாற் கைச்செட் மட்டும்தான். ஒரே பேர், ரெண்டு நாட்டில ரெண்டு சட்டம். மூன்றாவது நாட்டுக்கு, அதாவது நமக்கு, அது ஒண்டுமே பொருந்தாது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து

அண்ணன் தொடக்கியதில் இருந்தே தொடர்கிறேன். இலங்கையில் இதற்குரிய சட்டம் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம். வானொலிக் கருவியை வைத்திருக்கவும் பாவிக்கவும் உரிமம் கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. காசு கொடுத்து எதையும் வாங்கும் முன் கருவியின் மாதிரி இலக்கம், அலைவரிசை, வாற், ஏரியல் எங்கே எந்த உயரத்தில், யாரோடு பேச என்ற ஐந்தையும் எழுதி ஆணைக்குழுவிடம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து செட் கொண்டுவருவதற்கும் அந்த அனுமதிதான் முதலில்.

நம் பக்கத்துக்கு இரண்டு வழி பொருந்தும். ஆலை, மீன் வாடி, காவல் வேலை, வயல் என்று தொழிலுக்குப் பேசுவதென்றால் தனியார் வானொலிச் சேவைக்கு விண்ணப்பித்து ஒதுக்கப்பட்ட அலைவரிசை வாங்க வேண்டும். தொழில் இல்லை, கற்றுக்கொள்ளவும் அனர்த்த நேரத்தில் உதவவும் என்றால் அமெச்சூர் உரிமம். அதற்குப் பரீட்சை உண்டு. தேறியவருக்கு 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறியீடு கிடைக்கும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அமெச்சூர் அலைவரிசையில் நெல் விலை, மீன் விலை பேசக்கூடாது. வியாபாரத்துக்கு அது முற்றாகத் தடை.

பரீட்சைக்கு யோசிக்கிற தம்பிமார் பின்வாங்க வேண்டாம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, ஃபோன் வழிகள் அறுந்து கிடந்த நாட்களில் ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி போனது அமெச்சூர்காரரின் சிற்றலை செட்டுகள் வழியாகத்தான். அந்தச் செட்டுகளுக்கு இடையில் எந்தக் கோபுரமும் தேவைப்படவில்லை. நம் கரையோரத்தில் அப்படி ஒரு ஆளாவது ஊருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாழைச்சேனையிலிருந்து

லைசன்ஸ் பகுதி முடிஞ்சது எண்டா அடுத்த கேள்வி எத்தனை வாற் எண்டதில்லை, எத்தனை மீற்றர் உயரம் எண்டது. விஎச்எஃப் (150 மெகாஹேட்ஸ் பக்கம்), யூஎச்எஃப் (450 பக்கம்) ரெண்டும் கிட்டத்தட்ட நேர்கோட்டில போறது. கணக்கு லேசு. ஏரியல் உயரத்தை மீற்றரில எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல பெருக்கினா அந்த ஏரியலுக்கு அடிவானம் எத்தனை கிலோமீற்றர் எண்டு வரும். ரெண்டு பக்கத்தையும் கூட்டோணும்.

கையில பிடிச்ச வாக்கி ஒண்டரை மீற்றர், அதுக்கு 5 கிலோமீற்றர். பேஸ் ஏரியல் 6 மீற்றரில இருந்தா 10, 12 மீற்றரில 14, 18 மீற்றரில 17.5. ஆகவே 12 மீற்றர் கம்பமும் ஒரு கைச்செட்டும் எண்டா 19 கிலோமீற்றர், படகில 3 மீற்றர் உயரத்தில ஏரியல் கட்டியிருந்தா 21. இது திறந்த வெளிக்கு. வாவிக்கு மேலால எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் பேசினா இந்தக் கணக்குக்குக் கிட்ட வரும், இடையில தண்ணியும் வயலும்தானே. ஊருக்குள்ள, மதிலும் மாமரமும் தென்னையும் நடுவில நிண்டா பாதிகூட வராது. யூஎச்எஃப்பை ஈர ஓலை நல்லாக் குடிக்கும், மாரி மழையில அது இன்னும் கூடும். மகா ஓயாப் பக்கம் குன்றுகளுக்குப் பின்னால இருக்கிற வயலுக்கு எந்தக் கணக்கும் வேலை செய்யாது. அங்க ஒண்டில் உயரமான இடத்தில ரிப்பீட்டர் (பேச்சை வாங்கித் திரும்ப அனுப்புற செட்) வேணும், இல்லாட்டி வேற வழி தேடோணும்.

6 மீற்றரை 12 ஆக்கினா கிடைக்கிறது, 25 வாற்றை 50 ஆக்கினா கிடைக்காது. வாற் ரெட்டிப்பு 3 டெசிபெல், செட்டின் சிக்னல் மீற்றர் முள்ளில அரைக் கோடுதான் ஏறும். அதோட வாற் கூட்டினா நீங்க சொல்றது மற்றவருக்குக் கேட்கும், அவர் 5 வாற்றில சொல்றது உங்களுக்குக் கேட்காது. உயரம் ரெண்டு பக்கத்துக்கும் உதவும்.

27 மெகாஹேட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சூரியனில கரும்புள்ளி கூடுற வருசங்களில ஆயிரக்கணக்கான கிலோமீற்றரிலிருந்து ஆட்கள் வந்து சனலை நிரப்புவாங்க, பக்கத்து ஊர் கேட்காது. எல்ஈடி பல்ப், சோலார் இன்வேட்டர் இரைச்சலும் அதிலதான் கூட. கால் அலை ஏரியலே 2.75 மீற்றர். வீட்டுக்கும் வயலுக்கும் நடுவில பேச அதைத் தெரிவு செய்ய வேணாம்.

அக்கரைப்பற்றிலிருந்து

வாழைச்சேனை அண்ணன் சொன்ன உயரத்தைக் கட்டிப்போட்டு, கேபிளில கோட்டை விடுறவங்கதான் நம்மட பக்கம் கூட. செட்டுக்கு 60 ஆயிரம், கேபிளுக்கு 3 ஆயிரம் எண்டு பிரிச்சா வேலை நடக்காது.

25 வாற் செட், 20 மீற்றர் கேபிள் எண்டு வைங்க. மெல்லிசு ஆர்ஜி-58 போட்டா 150 மெகாஹேட்ஸில ஏரியலுக்குப் போறது 10 வாற். 450 பக்கத்தில நாலரை வாற், அதாவது கூரைக்கு ஏறும்போது கைச்செட்டாகிடும். எல்எம்ஆர்-400 போட்டா 150இல 20 வாற், 450இல 16. ஆர்ஜி-213 ரெண்டுக்கும் நடுவில, விஎச்எஃப்புக்குத் தாராளம், யூஎச்எஃப்புக்கு 10 மீற்றருக்கு மேல எண்டா யோசிக்கோணும். கேட்கிற பக்கத்திலயும் இதே அளவுதான் தொலையும், அதைச் செட்டில எந்தப் பொத்தானாலயும் திருப்பி எடுக்க ஏலாது. டிவி கேபிள் 75 ஓம், செட் 50 ஓம், பிளக்கும் ஒழுங்காப் பொருந்தாது. வீட்டில மிச்சம் கிடக்கு எண்டு அதைப் போட வேணாம்.

இப்ப முக்கியமானது, பிளக். விஎச்எஃப்புக்கு பிஎல்-259 போதும், யூஎச்எஃப்புக்கு 'என்' (N) வகை நல்லம், தண்ணிக்கும் அதுதான் கூடத் தாங்கும். பிஎல்-259 பத்த வைக்க 25 வாற் சோல்டரிங் அயன் காணாது. 60 வாற், 80 வாற் வேணும், இல்லாட்டி ஈயம் மேல உருண்டு நிக்கும், உள்ள பிடிச்சிருக்காது. நடு ஊசியின் துளைக்குள்ள ஈயம் இறங்கி வழுவழுப்பா மினுங்கோணும். சாம்பல் நிறத்தில பருக்கையா நிண்டா அது குளிர் பத்து, திரும்பச் சூடாக்குங்க. பின்னல் கம்பியை நாலு ஓட்டையாலயும் பத்த வைக்கோணும். கடைசியா மல்டிமீற்றர் வைச்சு நடு ஊசிக்கும் வெளி உடம்புக்கும் தொடுப்பு இல்லை எண்டு பாருங்க, இது ஏரியல் பக்கம் கழற்றி இருக்கும்போது.

வெளிப் பிளக்கைச் சுத்துறதுக்கும் முறை இருக்கு. தன்னோட தானே ஒட்டுற ரப்பர் டேப்பை ரெண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, கீழயிருந்து மேலாக, பாதிக்குப் பாதி ஏறுறமாதிரிச் சுத்துங்க. ஓட்டு வரிசை போல மழை வழிஞ்சு போகும். அதுக்கு மேல கறுப்பு பிவிசி டேப், வெயிலுக்கு. வெறும் பிவிசி டேப் மட்டும் சுத்தினா ஒரு கச்சான் (வரண்ட சூட்டுக் காத்து) காலத்தில பசை உருகி அவிழ்ந்திடும், மாரிக்குத் தண்ணி உள்ள. சுவருக்குள்ள நுழையிற இடத்தில கேபிளைக் கீழ ஒரு வளைவு விட்டு மேல ஏத்துங்க, தண்ணி அந்த வளைவில சொட்டட்டும்.

திருக்கோவிலிலிருந்து

ஏரியலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 145 மெகாஹேட்ஸுக்குக் கால் அலை கிரவுண்ட் பிளேன் ஏரியல் (நடுவில் ஒரு கம்பி, அடியில் நாலு கம்பி) வீட்டில் செய்யலாம், கடைச் சாமானுக்குக் குறையாது. ஒரு எஸ்ஓ-239 சொக்கெற், சதுரத் தகடுள்ளது. 3 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி, மொத்தம் இரண்டே முக்கால் மீற்றர் எடுத்தால் வெட்டித் தள்ளவும் மிச்சமிருக்கும். நடுவில் நிற்பதை முதலில் 51 சென்ரிமீற்றருக்கு வெட்டிப் பத்த வைத்து, எஸ்டபிள்யூஆர் (ஏரியலிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதன் அளவு, 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) பார்த்துப் பார்த்து 3 மில்லிமீற்றராகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், 49 பக்கத்தில் சரியாகும். தகட்டின் நாலு மூலைத் துளைகளிலும் 52 சென்ரிமீற்றர்க் கம்பிகள், கீழ்நோக்கி 45 பாகை சரித்து. நேர் கிடையாக விட்டால் 50 ஓமுக்குப் பொருந்தாது, எஸ்டபிள்யூஆர் ஒன்றரைக்குக் கீழே இறங்க மறுக்கும். சரிவைக் கூட்டிக் குறைத்தும் அதைச் சீர்செய்யலாம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, ஆகவே அவசரம் வேண்டாம்.

கடலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள் உலோகக் கலப்பைக் கவனியுங்கள். அலுமினியக் குழாயில் பித்தளையை நேரே முடுக்கினால் உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்காது, தொடுமிடத்தில் வெள்ளைப் பொடி கட்டி இணைப்பே அறுந்துவிடும். துருப்பிடிக்காத இரும்பு ஆணி, வொஷர் நடுவில் வைத்து, கிரீஸ் பூசி முடுக்குங்கள். பத்த வைத்த இடங்களுக்குத் தெளிவான வார்னிஷ்.

கம்பத்துக்கு ஒன்றரை அங்குல ஜிஐ குழாய், 6 மீற்றர் நீளத்தில் இரண்டு. இழுவைக் கம்பி மூன்று திசைக்கு, சம கோணத்தில், நடு மூட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு தொகுதி, உச்சிக்கு ஒரு மீற்றர் கீழே இன்னொரு தொகுதி. நங்கூரம் கம்ப அடியிலிருந்து 8 மீற்றர் தள்ளி. நம் மணலில் முளை அடித்தால் முதல் வாடைக்கே கழன்றுவிடும். ஒரு மீற்றர் ஆழத்தில் ஒரு மீற்றர்க் குழாயைக் குறுக்காகக் கிடத்தி, அதில் கம்பியைக் கட்டி மூடி, மேலே தண்ணீர் ஊற்றி மிதித்து இறுக்குங்கள். நைலோன் கயிறு இழுபடும், வெயிலில் உக்கும். தென்னையில் கட்டுவதும் சரிவராது, மரம் ஆடும்போது கேபிளின் நடுக் கம்பி பிளக்குக்குள்ளேயே முறியும்.

1978 நவம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பில் தென்னைகளையே பிடுங்கிப் போட்டது. புயல் எச்சரிக்கை வந்தால் கம்பத்தைச் சாய்த்துப் படுக்கப்போடக் கூடியதாக அடியில் கீல் வைத்துக் கட்டுங்கள். மின்சாரக் கம்பிக்கும் கம்பத்துக்கும் இடையில் கம்ப உயரத்தின் ஒன்றரை மடங்கு இடைவெளி வேண்டும். 12 மீற்றருக்கு 18. அந்த இடம் காணியில் இல்லையென்றால் கம்பத்தைக் குட்டையாக்குங்கள். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

கல்முனையிலிருந்து

செட்டுக்கு வருவம். மேசைக்கெண்டே செய்த பெரிய பேஸ் செட் தேட வேணாம். வாகனத்துக்குச் செய்த 12 வோல்ட் மொபைல் செட்தான் நல்ல பேஸ். 25 தொடக்கம் 50 வாற், உறுதியான உடம்பு, பற்றரியில நேர ஓடும், பழுதானா மாத்தவும் லேசு.

மலிவான கைச்செட்டைக் கழற்றி உயரமான ஏரியலில பூட்டினா நல்லாக் கேட்கும் எண்டு நினைக்கிறது பிழை. அந்தச் செட்டுகளின் முன்பக்க வடிகட்டி மெல்லிசு. பக்கத்தில டெலிபோன் டவரோ எஃப்எம் ஒலிபரப்போ இருந்தா, 12 மீற்றர் ஏரியல் அதையெல்லாம் அள்ளிக் கொண்டுவந்து கொட்டும், செட் செவிடாகிடும். அடையாளம் இதுதான்: குட்டி ஏரியலில கேட்ட ஆள் பெரிய ஏரியலில கேட்க மாட்டார்.

'சத்தம் வருது, பேச்சு விளங்கல்ல' எண்டா பாதிக்கு மேல சனல் அகல அமைப்புப் பிழை. ஒரு செட் 25 கிலோஹேட்ஸ், மற்றது 12.5. அகலச் செட்டில குறுகினதைக் கேட்டா குரல் பதுங்கும், குறுகின செட்டில அகலத்தைக் கேட்டா கிழியும். உரிமத்தில என்ன எழுதியிருக்கோ அதையே எல்லாச் செட்டிலயும் வைங்க. டோன் (பேச்சோட சேர்த்து அனுப்புற தாழ்ந்த ஒலி) பற்றியும் ஒரு தப்பெண்ணம் இருக்கு. 67.0 தொடக்கம் 254.1 ஹேட்ஸ் வரைக்கும் உள்ள டோன் மற்றவங்கட பேச்சை உங்கட ஸ்பீக்கரில மறைக்கும், உங்கட பேச்சை மற்றவங்களுக்கு மறைக்காது.

சூடு. தகரக் கூரைக்குக் கீழ பகல் ரெண்டு மணிக்கு 50 வாற்றில தொடர்ந்து பேசினா செட் தானாக வாற் குறைக்கும், இல்லாட்டி கடைசி டிரான்சிஸ்டர் போகும். பின்னுக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்க, பேச்சு முப்பது செக்கனுக்குள்ள. முதல்ல 5 வாற்றில கூப்பிட்டுப் பாருங்க, அதில கேட்டா அதுவே போதும்.

ஏறாவூரிலிருந்து

கல்முனைக் காக்கா (அண்ணன்) சொன்ன 50 வாற் செட் பேசும்போது 10, 12 அம்பியர் இழுக்கும், கேட்கும்போது அரை அம்பியர். 10 எண்டே வைச்சு, நேரத்தில பத்தில ஒரு பங்கு பேசினா சராசரி 1.45 அம்பியர். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில பாதிதான் எடுக்கலாம், மிச்சத்தைத் தொட்டா பற்றரி சாகும். 50ஐ 1.45ஆல பிரிச்சா 34 மணித்தியாலம். 5 வாற்றில 3 அம்பியர் இழுக்கும் எண்டா 66 மணித்தியாலம் தாண்டும். வெள்ளத்தில கரண்ட் மூணு நாள் போனா இந்த வித்தியாசம்தான் கதை. 100 வாற் சோலார் பலகை நல்ல வெயிலில ஒரு நாளைக்கு 20 அம்பியர்-மணிக்குக் கிட்டத் தரும், மாரி மப்பில அதில பாதிகூட எதிர்பார்க்க வேணாம்.

வயர் தடிப்பைப் பாருங்க. பற்றரிக்கும் செட்டுக்கும் 3 மீற்றர், போக வர 6. ஒண்டரை சதுர மில்லிமீற்றர் வயரில 12 அம்பியருக்கு 0.84 வோல்ட் விழும், 6 சதுர மில்லிமீற்றரில 0.21தான். பேச அமத்தினவுடனே செட் அணைஞ்சு திரும்ப வருது எண்டா செட்டில பழுதில்லை, இந்த வயரில. ஃபியூஸ் பற்றரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கோணும். செட் பக்கத்தில மட்டும் வைச்சா நடுவில வயர் உரசித் தொட்டா தடுக்க ஒண்டுமில்லை, வயரே எரியும்.

பொத்துவிலிலிருந்து

இடி பற்றி: சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் கட்டுகிற இடிமழைதான் நமக்கு ஆபத்து. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், வெளியே, மின்னல் தடுப்பி ஒன்று. அதிலிருந்தும் கம்ப அடியிலிருந்தும் 16 சதுர மில்லிமீற்றர்ச் செம்புக் கம்பி, மடிக்காமல் நேராக, நிலக்கோலுக்கு. நம் மணல் கச்சானில் எலும்பாகக் காய்ந்துவிடும், ஒரு கோல் போதாது. ஒன்றரை மீற்றர்க் கோல் மூன்றை மூன்று மீற்றர் இடைவெளியில் அடித்துச் சேருங்கள், ஒன்று கிணற்றடி ஈரத்தில் இருந்தால் நல்லது. வீட்டு மின்சார நிலக்கம்பியோடும் அதை மின்சாரக்காரரைக் கொண்டு இணைக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் இடி விழும்போது இரண்டுக்கும் இடையிலுள்ள வோல்ட் வித்தியாசம் உங்கள் செட் வழியாகத்தான் பாயும்.

நேரே விழும் இடியைத் தடுப்பி நிறுத்தாது. வானம் கறுத்தவுடன் கேபிளைக் கழற்றுங்கள், அதுவும் வீட்டுக்கு வெளியே. கழற்றிய முனையை மேசையில் தொங்கவிட்டால் கழற்றாததற்குச் சமம். முழக்கம் தொடங்கிய பிறகு அதைத் தொடப் போக வேண்டாம்.

மருதமுனையிலிருந்து

ஒரு கேள்வி. 15 மீற்றர் ஆர்ஜி-213, கிரவுண்ட் பிளேன், செட் பக்கத்தில எஸ்டபிள்யூஆர் 1.1 காட்டுது. போன வருசம் 1.4 இருந்தது. ஆனா தூர ஆட்கள் ஒவ்வொருவரா மறையிறாங்க. மீற்றர் நல்லாயிருக்கெண்டு சொல்லுது, என்ன செய்ய?

அக்கரைப்பற்றிலிருந்து

தம்பி, மீற்றர் நல்லாயிருக்கெண்டு சொல்லல்ல, கேபிளுக்குள்ள தண்ணி எண்டு சொல்லுது. போற சக்தியையும் திரும்பி வாறதையும் ஈரக் கேபிள் குடிச்சிடும், திரும்பி வர ஒண்டுமில்லாததால முள் கீழ நிக்குது. ஏரியல் பக்கம் கழற்றி, அந்த முனையில 50 ஓம் டம்மி லோட் (ஏரியலுக்குப் பதிலாச் சக்தியை வாங்குற சுமை) பூட்டி, கேபிளுக்கு முன்னால ஒருக்கா, பின்னால ஒருக்கா வாற் அளந்து பாருங்க. ஆர்ஜி-213 15 மீற்றருக்கு 145இல 25 வாற் போட்டா மற்ற முனையில 18 வரோணும். 10, 12 எண்டா கேபிள் போச்சு.

மேல் பிளக்கில டேப்பை அவிழ்த்து, வெளித்தோலை ஒரு சாணுக்குக் கீறிப் பாருங்க. பின்னல் செம்பு நிறத்தில இருக்கோணும். கறுப்பா, பச்சையா இருந்தா ஒரு மீற்றர் வெட்டி, வெட்டின இடத்தையும் பாருங்க. அங்கயும் கறுப்பெண்டா வெட்டிக்கொண்டே போக வேணாம், பின்னலுக்குள்ளால தண்ணி கீழ்வரைக்கும் ஊறியிருக்கும். முழுக் கேபிளையும் மாத்துங்க, பழைய பிளக்கைப் புதுக் கேபிளில பாவிக்காதீங்க. மாத்தின அண்டைக்கே செட் பக்கத்து எஸ்டபிள்யூஆரை ஒரு துண்டில எழுதி மேசைக்கு அடியில ஒட்டி வைங்க. பிறகு அது கூடினாலும் குறைஞ்சாலும் ஏணியை எடுங்க.